என் மனைவி சாப்பிட்டதை நான் கண்ட நாள்

மாதா திருவிழாக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சீர்மிகு சிறில் உபதேசியார் அவர்களே! அவர் அருகில் அமர்ந்து, இந்த அருளப்பன் எப்போது முடிப்பான் என்று ஆவலோடு காத்திருக்கும் ஆன்றோர்களே! எஹலியகொடைக் கடைத்தெருவிலிருந்து அடைமழையையும் அட்டைக்கடியையும் பாராமல் மலையேறி வந்திருக்கும் சாப்பாட்டுக் கடை வர்த்தகர் பளீல் நானா அவர்களே! விடியும் முன் பெரட்டில் பேர் கொடுத்து நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! பிள்ளைகளை மடியிலே தாங்கிப் பின்னால் வீற்றிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் சிரந்தாழ்ந்த வணக்கம்.

நாகரிகம் என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நாகரிகம் எங்கே இருக்கிறது? அரசாங்கக் கச்சேரியிலா? துரை பங்களாவிலா? நான் அதைக் கண்டது இரத்தினபுரியில், ஒரு சாதாரண சாப்பாட்டுக் கடையில். பளீல் நானா திடுக்கிட வேண்டாம், கடை உங்களுடையது அல்ல.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி பிலோமினம்மா பால் வாளியோடு மலையிலே மயங்கி விழுந்தாள். ரயிலேற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் ஐயா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். “ரத்தமே இல்லையே! வீட்டில என்ன சாப்பிடுறா?” என்று கேட்டார்.

“நான் சாப்பிடுறதத்தானுங்க ஐயா அவளும் சாப்பிடுறா” என்றேன். பொய் சொன்னேனா? இல்லை ஐயா, நம்பிச் சொன்னேன்!

“மருந்து மட்டும் போதாது. மீனும் முட்டையும் வயித்துக்குள்ள போகணும். இல்லாட்டி இந்த வருஷத்தத் தாண்ட மாட்டா” என்று சொல்லிவிட்டார். இன்றைக்கே நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன் என்று கடைத்தெருவுக்கு அழைத்து வந்தேன். அதற்கு முன் நாங்கள் இருவருமே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அடடா, அந்தக் கடை! சுவரிலே ஆளுயர மணிக்கூடு! வரிசை வரிசையாக நாற்காலி! வெள்ளைக் கல் பதித்த மேசை! அப்படி வழுவழுப்பான கல்லை அதுவரை நான் துரைமார் கல்லறையில்தான் பார்த்திருந்தேன், கை வைக்கவே பயந்தேன். சிரிக்கிறீர்கள்! நீங்களும் பயந்திருப்பீர்கள்.

நான் அமர்ந்தேன். பிலோமினம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நம் லயத்து வீடுகளில் அப்படித்தானே? ஆண் சாப்பிட்டு எழும்பிய பிறகுதானே பெண்? தோளில் துண்டு போட்ட முக்தார் என்ற பரிமாறுகிறவர் வந்தார்.

“நிக்கப்படாது. உள்ளுக்கு வந்தா உக்காரணும். உக்காந்தா சாப்பிடணும்.”

“அவ எனக்குப் பொறகு சாப்பிடுவாங்க.”

“இஞ்ச பொறகு ஒண்டும் இல்ல.”

அவள் நாற்காலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாடு வந்தது. என்ன சாப்பாடு? சோறு ஆறிப்போயிருந்தது. பருப்பைத் தண்ணீருக்குள் தேட வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு மீன், உப்புக் கரித்தது. சுடுசோறு உண்டா? இல்ல. ரசம் உண்டா? இல்ல. நோயாளிக்கு உறைப்பில்லாமல் ஏதாவது? “எல்லாருக்கும் ஒரே கறிதான்.” முதல் கவளத்திலேயே எனக்குக் கல் கடிபட்டது. இதற்காகவா இவளை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன் என்று மனம் வெதும்பினேன்.

அப்போது அவள் கை நீண்டது. தன் மீன் துண்டை இரண்டு விரலால் எடுத்தாள். என் தட்டில் வைத்தாள். என்னைப் பார்க்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. கை பழகியிருந்தது!

முக்தார் ஓடி வந்தார். “ஒரு பீங்கான்ட கறி மத்தப் பீங்கானுக்குப் போவப்படாது. மொதலாளிட சட்டம்.”

“எம் பொஞ்சாதிதானுங்க.”

“ஆரா இருந்தாலும் அப்புடித்தான்.”

மீன் அவள் தட்டுக்குத் திரும்பும்வரை மனிதர் நகரவில்லை. அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லப் பிட்டுத் தின்றாள். தின்றவள் நின்றாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், வியந்து கேட்டாள்:

“என்னாங்க, நடுத்துண்டுல முள்ளே இல்லீங்களா?”

ஐயன்மீர்! பதினொரு வருஷம் குடித்தனம்! நான்கு பிள்ளைகள்! அவள் சாப்பிட்டதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை! நான் தின்ற நடுத்துண்டெல்லாம் எங்கிருந்து வந்தது? தலையையும் வாலையும் தின்றது யார்? டொக்டர் ஐயாவிடம் நான் சொன்னது என்ன? மலையைக் குடைந்து வந்த ரயிலைப் பார்த்து வியந்தவன் நான். மணிக்கூட்டைப் பார்த்து வியந்தவன் நான். பதினொரு வருஷம் ஒரு சொல் சொல்லாமல், ஒருநாள் தவறாமல், தன் உயிரை என் தட்டில் எடுத்து வைத்த அந்தக் கையைக் கண்டதும், மற்ற அதிசயமெல்லாம் எனக்கு அற்பமாயிற்று. அந்தக் கல்மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். அழக் கூடாது என்று மட்டும் கடையில் சட்டம் இல்லை.

அன்று முதல் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் இரண்டு தட்டும் ஒன்றாகத்தான் வைக்கப்படும். லயமே சிரித்தது. சிரிக்கட்டும், அவள் பிழைத்தாள்!

“அண்ணே, பசிக்குது!” என்று யாரோ கத்துகிறார்கள். அதைத்தான் தம்பி பேச வந்தேன். இன்றைய விருந்துக்குப் பாய் விரித்தாயிற்று. முதல் பந்தி ஆண்கள், இரண்டாம் பந்தி பிள்ளைகள், பெண்களுக்குப் பானையில் மிஞ்சியது என்று முடிவாகியிருக்கிறது. என் பிலோமினம்மாவும் இன்னும் பன்னிரண்டு தாய்மாரும் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் அடுப்படிப் புகையில் நிற்கிறார்கள். இதுவா மாதாவுக்கு நாம் எடுக்கும் விழா? தாயைப் பட்டினி போட்டுவிட்டா தாய்க்குத் தேர் இழுப்பது? தலைவர் அவர்களே, முதல் பந்தி தாய்மாருக்கே என்று இந்தச் சபையின் முன் பிரேரிக்கிறேன்!

“அப்ப யாரு பரிமாறுறது?” என்கிறீர்களா? நான் பரிமாறுகிறேன்! என்னோடு யார் வருகிறீர்கள்? ஓ, நமது உபதேசியாரே அங்கியை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்!

பசியோடு பொறுத்திருந்த பெரியோருக்கும், வாய்ப்பளித்த விழாக் குழுவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லாருக்கும் வணக்கம்.

பிலோமினம்மா, அந்த அகப்பைய இப்பிடிக் குடுங்க.