உப்புத்தண்ணித் தொட்டி

சின்ன வெங்காயத்தை அந்தக் கண்ணாடித் தொட்டியில் கொட்டாதே, அம்மிணி. காற்றுப் போகாமல் அழுகிவிடும். வேண்டுமானால் புளியைப் போட்டு வை.

நீ இந்த வீட்டுக்கு வாழ வந்து இரண்டு பொங்கல் ஆகிறது. இத்தனை நாள் மூலையில் கிடந்த தொட்டி நேற்றைக்குத்தான் உன் கண்ணில் பட்டதாக்கும். "ஏனுங்க, இதுல மறுபடி மீன் உடலாமுங்களா" என்று சோறு போடும்போது கேட்டாய். உன் வீட்டுக்காரன், என் தம்பி அர்த்தநாரி, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனான். அப்போதிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். வாயைத் திறந்து கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

நான் தாலியறுத்து இந்த வீட்டுக்குத் திரும்பியபோது அர்த்தநாரி அரைஞாண் கயிறோடு ஓடிக்கொண்டிருந்தான். அம்மாவும் அப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். குளிப்பாட்டி, தலைசீவி, பாலக்காட்டுக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது எல்லாம் நான்தான். படித்தது உயிரியல். ஊருக்கு வந்து வயலைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் கோயமுத்தூர் போய் இந்தத் தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்துத் தங்கமீன் விட்டான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்தவர்களெல்லாம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மீனைப் பார்ப்பார்கள். காப்பி எப்படி இருக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை.

அப்புறம் கூடப் படித்தவன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனான். திரும்பி வந்தது உடம்பு மட்டும்தான், அம்மிணி. கடலடியில் கல் உயிரோடு இருக்கிறதாம், பூ இரை தின்கிறதாம். அதையெல்லாம் நம் வீட்டு மூலையில் கொண்டுவரப் போகிறானாம். நம் வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்கள் எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்தவர்கள். அவர்களே மூக்கில் விரலை வைத்தார்கள்.

தங்கமீன்களை மாட்டுத் தொட்டிக்கு மாற்றினான். கொக்குக்கு அந்த வாரம் தீபாவளி. ஆற்றுமணலை வாரிக் கொட்டிவிட்டுச் சிப்பித்தூள் பரப்பினான். பொன்னானியிலிருந்து சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் லாரிக்காரரைப் பிடித்து, பால் கேனில் கடல்தண்ணீர் வரவழைத்தான். வீடு முழுக்கக் கருவாட்டு வாசம். பூனைகள் உறவு கொண்டாடிக்கொண்டு வந்தன. பால் சொசைட்டியில் கழித்துப் போட்ட பால்மானியை வாங்கி வந்து அந்தத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். தண்ணீர் கலந்த பாலைப் பிடிக்கிற சாமான் அது, அதை வைத்துக் கடலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தொட்டியில் வெறும் கல்தான் கிடந்தது. தண்ணீர் பக்குவப்படுகிறவரை மீன் விடக்கூடாதாம். நாள் முழுக்க அந்தக் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். "பொண்ணுப் பாக்கறப்பக் கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டியாட்ட இருக்குது" என்பேன். சிரிப்பான். கரண்டு போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச இந்த அக்கறையில் பாதி காட்டியிருந்தால் நான் சாமிக்குக் கிடா வெட்டியிருப்பேன்.

கடைசியில் மீன் வந்தது. உடம்பில் விபூதிப் பட்டை போட்ட ஒரு சோடி, அவை குடியிருக்க ஒரு கடல்பூ, கண்ணாடிபோல நாலைந்து இறால். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பூவுக்குள் மீன் புரண்டு படுப்பதைப் பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

எனக்கும் வேலை சொல்லிக் கொடுத்தான். "கொறைஞ்சா நல்லதண்ணி மட்டும் ஊத்துங்கக்கா. காஞ்சு போறது தண்ணிதானுங்க, உப்பு அங்கயேதான் கெடக்கும்" என்றான். குழாய்போட்டு உறிஞ்சித் தண்ணீர் இறக்கவும் காட்டினான். நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒருதரம் சொன்னால் போதும்.

தூத்துக்குடியில் ஏசுரத்தினம் என்று ஒருவர் கடல்மீன் காட்சிசாலை கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கடலே இல்லாத ஊரில் கடலை வளர்க்கிறவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, தொட்டியை நேரில் பார்த்துவிட்டு வேலை தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அர்த்தநாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. "பூமிய வாரத்துக்கு உட்டுட்டு நீங்களும் வந்துருங்கக்கா. கடலைப் பாத்துட்டு நிம்மதியா இருக்கலாமுங்க" என்றான்.

கடலைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல். இங்கே நான் மயிலாத்தாள். வரப்பில் நடந்தால் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அங்கே நான் மீன்காரனுடைய அக்கா. அதைக்கூட விடு. ஊர் பேர் தெரியாத இடத்தில் உப்புக் காற்றில் அவன் உடம்பு என்னத்துக்காகும்? வாய்க்கு ருசியாக யார் போடுவார்கள்? எல்லாம் அவனை நினைத்துத்தான்.

ஏசுரத்தினத்தைக் கோயமுத்தூர் ரயிலடியிலிருந்து கூட்டிவர அவன் போனான். ஒரு நாள் அங்கே தங்கவேண்டியிருந்தது. "தொட்டி உங்க பொறுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவர்கள் வந்து பார்த்தபோது கடல்பூ கரைந்து கூழாகிக் கிடந்தது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னேன்: "தண்ணி கலங்கலா இருந்துதுங்க. உப்புத்தண்ணி மீனாச்சேன்னு, பாதியை எறக்கிப்போட்டு நம்ம கெணத்து உப்புத்தண்ணியவே மொண்டு ஊத்துனனுங்க."

உனக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் உப்புத்தண்ணி என்றால் என்ன என்று. குடிக்கிறது நல்லதண்ணி. பாத்திரம் கழுவ, மாடு குளிப்பாட்ட வீட்டுக் கிணற்றில் இறைக்கிறது உப்புத்தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அவ்வளவுதான். கடலுக்கு அது பச்சைத்தண்ணி.

ஏசுரத்தினம் நல்ல மனுசர். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. உப்புத்தண்ணி உப்புத்தண்ணின்னு நாங்கதானே சொல்லிக்கிட்டு அலையுதோம்" என்று சிரித்தார். காப்பி குடித்தார். காட்ட எதுவும் இல்லாதவனுக்கு எப்படி வேலை கொடுப்பார்? வேறு ஆளை வைத்துக்கொண்டார். இந்தக் கதை சந்தை முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் எலப்புள்ளி வண்டிக்காரர் குப்பண்ணன் என்னைப் பார்த்தால், "ஏனுங்க மயிலக்கா, ஊட்ல கடல் சௌக்கியமுங்களா" என்று கேட்பார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பேன். பட்டிக்காட்டுப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

தெரியும், அம்மிணி. கேன் வந்த அன்றைக்கே கடல்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவள் நான். நம் கிணற்றுத்தண்ணீர் ருசி எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அவன் பஸ் ஏறினதும், ஒரு கிண்ணத்தில் கிணற்றுத்தண்ணீரை எடுத்து, ஒரே ஒரு இறாலைப் பிடித்து அதில் விட்டேன். எதையும் சும்மா ஊற்றிக் கெடுக்கிறவள் இல்லை நான், கொஞ்சமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவேன். துள்ளியது. பால் பொங்கும் நேரத்துக்குள் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. அதற்கப்புறம்தான் குழாய்போட்டுப் பாதித் தண்ணீரை இறக்கினேன். அதைக்கூட வீணாக்கவில்லை, தென்னைக்கு ஊற்றினேன். தென்னைக்கு உப்பு நல்லது. கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினேன். மீன் சாகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விட மனசு வரவில்லை.

கிண்ணத்தைக் கழுவ மறந்துவிட்டேன். புறக்கடைத் துணிக்கல்மேல் இறாலோடு அப்படியே இருந்தது. விருந்தாளி போனபிறகு போய்ப் பார்த்தால், யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வேலைக்காரி கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் வரவில்லை.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் சிரித்தபோது, "எங்கக்காளுக்கு வெவரம் பத்தாதுங்க" என்று எனக்காகச் சொன்னதே அவன்தான். வயலைப் பார்த்தான். நான் காட்டிய பெண்ணுக்குத் தாலி கட்டினான், நீதான் அது. என் சொல்லைத் தட்டியதில்லை. வேறு அக்காமார்களைக் கேட்டுப் பார், இப்படித் தம்பி யாருக்கு வாய்க்கும் என்று.

நீகூடப் போன மாதம் கேட்டாயே, களைத்து வருகிறவன் நான் சொம்பில் மொண்டு நீட்டினால் வாங்காமல், தானே கிணற்றடிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறானே, ஏன் என்று. அன்றிலிருந்து அப்படித்தான்; என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. குடிக்கவே ஆகாத அந்த உப்புத்தண்ணீரைத்தான் இறைத்துக் குடிக்கிறான். அக்காவுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று அவ்வளவு பாசம், அம்மிணி.