பாதியில் அணைக்கிற மனுஷர்

கைதட்டினது போதும். ஒரு சின்னக் கதை சொல்றேன், அதைக் கேட்டுட்டு அப்புறமா தட்டலாமா வேண்டாமான்னு யோசிங்க...

எங்க காலனியில தில்லைநாயகம்னு ஒரு பெரிய மனுஷர். பெரிய மனுஷர்னு நான் சொல்லல, அவரே சொல்லிக்குவார். அவர் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர். அதை எப்படி நிறுத்துவார் தெரியுமா? முறையா மூட மாட்டார். நேரா போய்ச் சுவத்துல இருக்கிற சுவிட்சைத் தட்டுவார். திரையில அது கெஞ்சும்... 'அப்டேட் நடக்குது, தயவுசெஞ்சு அணைக்காதீங்க'ன்னு. 'எனக்கே உத்தரவு போடுதா?'ம்பார். டப்.

தினம் இப்படிப் பாதியில கழுத்தைப் பிடிச்சா என்ன ஆகும்? ஆன் பண்ணிட்டு, காப்பி குடிச்சு, பேப்பர் படிச்சு, குளிச்சிட்டு வந்தாலும் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். திறந்தாலும் திரை முழுக்கக் கோடு. எழுத்தெல்லாம் நடுங்கும். இவர் என்ன பண்ணுவார்? மானிட்டர் மண்டையில ரெண்டு தட்டு. வயரைப் பிடிச்சு ஒரு ஆட்டு. அதுவும் ஆகலைன்னு மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டார். ஆமாங்க... வாஸ்து.

அவர் மக இளவேனில். படிச்ச பொண்ணு. வந்து சொன்னா, 'அப்பா, கோளாறு மேசையில இல்ல. அந்த அப்டேட்டை ஒரு தடவை முழுசா...'

'எல்லாம் எனக்குத் தெரியும்.'

'இல்லப்பா, பாதியில நிறுத்துறதாலதான்...'

'நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல?'

அதோட அவ பேச்சை விட்டுட்டா.

அந்தப் பொண்ணுக்கு ஒரு வேலைக்கான தேர்வு வந்துச்சு. வீட்டுல உட்கார்ந்து கம்ப்யூட்டர்லதான் எழுதணும், செல்போன் ஆகாது. ரொம்ப நாளா காத்துக்கிடந்த வேலை. முந்தின நாள் அவளே அப்டேட்டை ஓடவிட்டுட்டுக் கடைக்குப் போனா. கரண்டு வீணாகுதேன்னு இவர் வந்து... டப்.

மறுநாள் காலையில நேரத்தோடயே போட்டா. சுத்துது... சுத்துது... கடைசியில திரை வந்துச்சு, பட்டை பட்டையா கோட்டோட. ஒரு கேள்விகூடக் கண்ணுக்குத் தெரியல. அது தெளியறதுக்குள்ள தேர்வு முடிஞ்சு போச்சு. கீபோர்டு மேல கையை வச்ச மேனிக்கே அழுதா.

அப்பக் கேட்டார் பாருங்க தில்லைநாயகம் ஒரு கேள்வி. 'இவ்வளவு பிரச்சினை இருக்குன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?'

'அப்பா, நான் அன்னைக்கே...'

'சரி சரி, போய் முகத்தைக் கழுவு.'

சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க... பக்கத்துல உட்கார்ந்திருக்கிற உங்க வீட்டம்மா சிரிக்கல, கவனிச்சீங்களா?

கம்ப்யூட்டர் கெட்டா ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம். அந்தப் பொண்ணுக்குக் கைநழுவிப் போன வேலைக்கு எந்த ஆளைக் கூப்பிடுவார்? பேச வந்த பொண்டாட்டி, பேச வந்த பிள்ளை... எத்தனை பேர் பேச்சை நீங்க இப்படிப் பாதியில அணைச்சிருக்கீங்க? அணைச்சுட்டு, 'எங்கிட்ட யாரும் எதையும் சொல்றதில்ல'ன்னு ஊரெல்லாம் புலம்பல் வேற. வெக்கமா இல்ல?

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், 'அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்ன?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு... அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க.