அமிர்தவல்லி உயிரோடு இருக்கிறார்

ஹலோ... ஹலோ, முன்னாள் படைவீரர் பென்ஷன் செக்‌ஷனா?... தாமோதரன் சார்தானே? திருப்போரூர்லேர்ந்து ஹரிகிருஷ்ணன் பேசறேன்... ஆமா, நேத்தும் நான்தான். முந்தாநாளும் நான்தான்.

அமிர்தவல்லி விஷயம் சார். காலமான வீட்டுக்காரர் பக்தவத்சலம், எழுபத்தொண்ணு பாகிஸ்தான் யுத்தத்துல இருந்தவர். அந்தம்மா இறந்துட்டாங்கன்னு மூணு மாசமா உதவித்தொகைய நிறுத்தி வெச்சிருக்கீங்க... ஆமா, ஆமா... ஃபைல்ல டெத் சர்டிபிகேட் இருக்கும் சார். குடுத்தவனே நான்தான். அதுல இருக்கற பேரப் படிங்க... மானசா. வயசு?... இருபத்தேழு. அமிர்தவல்லிக்கு அம்பத்தெட்டு.

மானசா அவங்க பொண்ணு. வாரிசுன்னு அவ பேரு இருந்துச்சு, அத எடுக்கறதுக்கு நீங்கதான் சர்டிபிகேட் கேட்டீங்க... நானா? மானசா வீட்டுக்காரன்... ஆமா, அவ போயிட்டா. அதனால?... இல்ல சார். முன்னாள் படைவீரர் உண்டு. முன்னாள் மருமகன்னு ஒண்ணு கெடையாது.

அவங்க இங்கதான் பக்கத்துல நின்னுகினு இருக்காங்க, பேசறீங்களா?... சரி, போன்ல பேசினா செல்லாது. சரி... என்ன லெட்டர்?... ம்... ம்... திரும்பச் சொல்லுங்க.

டெத் சர்டிபிகேட்ட தப்பாக் குடுத்துட்டேன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும்?

...கோவமெல்லாம் இல்ல சார். அப்படி எழுதினா அவ திரும்பி வந்துடுவான்னா, இந்நேரம் நூறு எழுதியிருப்பேன்... லேட்டாவட்டும்... மாட்டேன். தப்பு உங்க டேபிள்ல நடந்தது. நீங்க எழுதுங்க.

ஒரு நிமிஷம்... என்ன அத்தை?... ஓ... சொல்றேன். சார், போன நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? உங்க பேனா எழுதலேன்னு அவங்க பேனாவ வாங்கினீங்களாம். பச்சை மூடி. இன்னும் திருப்பித் தரலையாம்... இருக்கா? பாத்தீங்களா, செத்தவங்க பேனா இல்ல சார் அது.

இல்ல, திங்கக்கிழமை எல்லாம் இல்ல. நாளைக்கே வரோம். உங்க எதிர்ல ஒக்காருவாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து, நீங்க செத்துட்டீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. எழுந்து வந்துடறோம்... முடியாதில்ல? அப்ப உயிரோட இருக்காங்கன்னு எழுதுங்க. அவங்க பேனாவாலயே எழுதுங்க... ஹலோ?... ஹலோ?

வெச்சுட்டாரு, அத்தை. நாளைக்கு ரெண்டு வேளைக்கும் சாப்பாடு கட்டிக்கலாம்.