கட்டில் பொத்தான்

சத்தியமா சொல்றேன் தம்பி, இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா என் லாரியோட பதினாலு டயரும் இதே எடத்துல வெடிச்சுப் போகட்டும்! ...வெடிக்கலல்ல? அப்பறம் என்ன, கேளுங்க. அட, எங்க எழுந்திரிக்கறீங்க? வண்டிக்குள்ள இருக்கற நேரப்பெட்டியில கட்டில் படம் போட்ட பொத்தானை அமுக்கிட்டுத்தானே எறங்குனீங்க? ஓய்வு முடிய இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் லாரியை ஒரு அடி நகத்த முடியாது. உக்காருங்க, உக்காருங்க.

நீங்க கம்பெனிக்குப் புதுசு. நாலரை மணி நேரம் ஓட்டுனா நாப்பத்தஞ்சு நிமிஷம் ஓய்வு. அது நல்ல சட்டம், அதைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும். இடையில புகுந்துச்சே, கம்பெனி குடுத்த இந்தப் போன்... ஆங், பாருங்க, சொல்லி வாய மூடல, அடிக்குது! அமுக்குங்க! 'ஓய்வில் இருக்கிறேன்'னு பச்சையா வருதே, அதை. ஒரு தடவை விட்டீங்க, மறுபடி மொதல்லேருந்து நாப்பத்தஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டி எழுப்பி, 'தூங்கறியா, தூங்கறியா'ன்னு கேட்டா, மனுஷன் என்னத்தைத் தூங்குவான்?

நம்ம கிரேன் இருக்கானே, ஆளு ரெண்டு மாடி உசரம், குனிஞ்சுதான் வானத்தையே பாப்பான், அவன் போன வாரம் லேசா கண்ணசந்துட்டான். நாலு தடவை மொதல்லேருந்து! தக்காளி ஏத்திக்கிட்டுப் போனவன் போய்ச் சேந்தப்போ கதவைத் தொறந்தா சாறாத்தான் எறங்குச்சு. வாளி வாளியா புடிச்சாங்களாம். அன்னிக்குச் சபதம் போட்டிருக்கான். இந்த விதி வரக் காரணமானவன் எவனா இருந்தாலும் மீசையைக் கட்டி வண்டிக் கண்ணாடியில தொங்கவிட்டு எட்டு ஊரு ஓட்டுவானாம். செய்வான் தம்பி. அவன் கை என்ன கையா அது, மம்பட்டி!

காரணம் யாருன்னா... எவனோ ஒரு டிரைவர்னு வச்சுக்குங்களேன். பாவம், நல்லவன். அவன் பேத்தி பள்ளிக்கூட நாடகத்துல மரமா நிக்கறா. சாயங்காலம் நாலு மணிக்கு. 'தாத்தா, நீ வரலைன்னா நான் எலையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு எறங்கிடுவேன்'னு சொல்லிட்டா. அவன் என்ன பண்ணுவான்? காலையில ஒரு கெடங்குல நாப்பது வாஷிங் மிஷின் எறக்கணும். எறக்கறதும் வேலைதான், அதுக்குச் சுத்தியல் படத்தை அமுக்கணும். அமுக்குனா ஓய்வு தனியா எடுக்கணும், நாலு மணிக்கு மரத்தைப் பாக்க முடியாது. அதனால கட்டிலை அமுக்கிட்டு மிஷினை எறக்குனான். எல்லாரும் செய்யறதுதான். நீங்க செஞ்சதில்லையா? ...சரி, சரி, செய்யாதீங்க.

ஆனா ஒண்ணு மறந்தான். சரக்கு எறக்குன சீட்டுல பதினொண்ணு இருவதுன்னு மணியும் போட்டு, அழகாக் கையெழுத்தும் போட்டுட்டான்! பெட்டியில பதினொண்ணுலேருந்து பதினொண்ணே முக்கால் வரைக்கும் கட்டில்!

ஆபீஸ்ல கடிகாரம்னு ஒரு சார். பொறந்ததுலேருந்து சிரிச்சதில்ல, சிரிக்க நேரம் ஒதுக்கலையாம். ரெண்டு காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. 'பதினொண்ணு இருவதுக்கு நீ தூங்கிட்டிருந்த. அப்ப கையெழுத்துப் போட்டது யாரு?' லைசென்ஸ் போற கேள்வி தம்பி! வாயில வந்தது... 'சார், எனக்குத் தூக்கத்துல எழுந்து வேலை செய்யற வியாதி'ன்னான்.

'நாப்பது வாஷிங் மிஷினா?'

'நல்ல தூக்கம் சார்.'

சிரிச்சுட்டு விட்டுருவாருன்னு பாத்தா, போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வீட்டுக்கே கூப்புட்டுட்டாரு! 'அம்மா, உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல நடமாடுவாரா?' அந்த மகராசி என்ன சொன்னா தெரியுமா? 'நடமாடும்போதே தூங்கறவரு அவரு! நேத்து பேத்தி நாடகத்துல முன்வரிசையில உக்காந்து விட்ட குறட்டையில, மேடையில நின்ன ராஜாவுக்கு வசனமே மறந்துபோச்சு!' ஆபீஸே குலுங்குது. கடிகாரம் மட்டும் பேனாவை எடுத்து எழுதிக்கிறாரு. எனக்கு அங்கேயே பூமி பொளந்து...

என்ன பாக்கறீங்க? எனக்குன்னா சொன்னேன்? ...சொல்லிட்டேனா.

ஐயோ, அடிக்குது, அமுக்குங்க மொதல்ல!

சரி தம்பி, கேட்டுட்டீங்க. நான்தான். மறுநாளே சுத்தறிக்கை வந்துடுச்சு. 'ஓய்வு நேரத்தில் ஓட்டுநர்கள் தூக்கத்திலேயே எழுந்து வேலை செய்யும் அபாயம் இருப்பதால்...' எனக்கு வியாதி, ஊருக்கே மருந்து! நூத்திப் பத்து டிரைவருக்கும் தூக்கம் போச்சு. போயி 'பொய் சொன்னேன் சார்'னா விதி போயிடும். கூடவே என் லைசென்சும் போயிடுமே!

இப்ப எல்லாரும் சேந்து ஆபீஸுக்கு மனு எழுதியிருக்காங்க, அந்த ஆளு யாருன்னு பேரை வெளியிடணும்னு. அதுல மொதக் கையெழுத்து யாருதுன்னு நெனைக்கறீங்க? என்னோடதுதான்! போடலைன்னா சந்தேகம் வராதா? கிரேன் தோள்ல தட்டி, 'அண்ணே, உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்'னான். தோள்பட்டை இன்னும் வலிக்குது.

ஆச்சா, முடிஞ்சுதா? கெளம்புங்க, கெளம்புங்க. முகமெல்லாம் சோந்து கெடக்கே, கொஞ்சம் கண்ணை மூடியிருக்கலாம்ல நீங்க? போற வழியில விஷயத்தை வேணும்னா யார்கிட்ட வேணா சொல்லுங்க, சொன்னது யாருன்னு மட்டும் மூச்சு விட்டுராதீங்க. கும்புட்டுக் கேக்கறேன். என் பேரு... நான் இன்னும் சொல்லலையே? சொல்லல. அப்ப நல்லதாப் போச்சு, பாத்துப் போங்க தம்பி.