அஞ்சைப் போட்டு ஒண்ணை எடு

இல்ல டீச்சர், நீங்க சாவியை ஆட்டிக் காட்டினாலும் நான் இப்போதைக்கு எந்திரிக்கப் போறதில்ல. ஒரே ஒரு கணக்கு. மூணோட நாலு. பிள்ளைங்க எல்லாம் இறங்கிட்டாங்க, தெரியுது. இந்தக் குட்டி நாற்காலியில எனக்கு முட்டி மாட்டிக்கிச்சுன்னு வச்சுக்கங்களேன்.

சிரிக்காதீங்க. முப்பது வருஷம் ஆலை வாசல்ல மைக் பிடிச்சவன். ரெண்டாயிரம் பேரை ஒத்தக் கையசைப்புல உக்கார வச்சவன். கீழ சுவத்துல போஸ்டர் ஒட்டத்தான் இந்தப் பக்கம் வந்தேன், வேன்லேருந்து இறங்கின பிள்ளைங்கள்ல தெரிஞ்ச ஜாடை ஒண்ணைப் பாத்தேன், மறுநாளே உங்ககிட்ட அபாகஸ் கத்துக்கச் சேந்துட்டேன். ஏன்னு கேட்டா... சரி, கணக்கைப் பாருங்க.

கட்டைவிரலால கீழ்மணி மூணை ஏத்தியாச்சு. கீழ மிச்சம் ஒத்த மணி. நாலை எப்படிப் போடுறது? ஆள்காட்டி விரலால மேல்மணியை இறக்கு, அது அஞ்சு. கீழ ஒண்ணை எடு. ஏழு. என்ன முழிக்கறீங்க? எனக்கு மொத நாளே தெரியும். வேணும்னுதான் எட்டுன்னு சொல்லிட்டிருந்தேன்.

பக்கத்துல உக்காருதே ரெட்டைச் சடை, அது எட்டுன்னுதான சொல்லும்? அஞ்சைப் போட்டுடும், ஒண்ணை எடுக்க மறந்துடும். நானும் தப்பாப் போட்டா ரெண்டு பேரையும் மொத நிலையிலயே வச்சிருப்பீங்கல்ல. மூணு மாசம் அப்படித்தான் ஓடுச்சு. மக்குத் தாத்தா, மக்குத் தாத்தான்னு மண்டையில கொட்டும். வாங்கிக்குவேன். லத்தியடி வாங்கின மண்டைதான.

இன்னிக்குத் தானாவே சரியாப் போட்டுடுச்சு. எனக்கும் சொல்லிக் குடுத்துட்டு, ஸ்டாரை வாங்கிக்கிட்டு ஓடிருச்சு. நீங்களும் அடுத்த நிலைக்குன்னு எழுதிட்டீங்க. எழுதாம என்ன செய்வீங்க.

இந்தக் கணக்கு எனக்குப் பழசு டீச்சர். எங்க வீட்ல நான், சம்சாரம், பையன், பொண்ணு, மாப்பிள்ளைன்னு அஞ்சு பேர். ஒண்ணை எடுத்துட்டாங்க. எந்த ஒண்ணா? உங்க முன்னாடி உக்காந்திருக்கே, அதுதான். வேலைநிறுத்தத்தப்போ மாப்பிள்ளை பின்வாசல் வழியா வேலைக்குப் போனாரு. அத்தனை பேர் முன்னாடி மைக்ல, பேரைச் சொல்லி, கருங்காலின்னேன். மாப்பிள்ளைன்னு விட்டா அப்புறம் சங்கம் எதுக்கு? மன்னிப்புக் கேளுப்பான்னா பொண்ணு. முழுகாம இருந்தா அப்போ. மன்னிப்புங்கற வார்த்தையை நான் முதலாளிக்கே எழுதிக் குடுத்ததில்ல. ஏழு வருஷமாச்சு. சங்க ஆபீஸ் மாடிதான் வீடு. சொன்னது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன்... மைக்ல சொல்லியிருக்க வேணாம். அதுவரைக்கும்தான்.

ஏன் எந்திரிக்கலன்னா, இன்னிக்கு வேன் வரல. ரெட்டைச் சடையோட அம்மாவே வந்திருக்கா, ஜன்னல்ல பாத்தேன். வாம்மா, மக்குத் தாத்தாவைக் காட்டறேன்னு கையைப் பிடிச்சு இழுக்குது. பின்பக்கம் வேற படி எதுவும் இல்லையா? அந்தக் கதவு? அலமாரியா. சரி.

கேக்குதா, ஏறி வர்ற சத்தம்? கோவம்னா ரெண்டு ரெண்டு படியாத் தாவுவா. சின்னதுலேருந்தே அப்படி. இப்போ ஒவ்வொண்ணாத்தான் வர்றா. யாரோ ஒரு பெரியவரைப் பாக்க வர்றதா நெனைச்சுக்கிட்டு வர்றா.

கொஞ்சம் கை குடுங்க டீச்சர், முட்டி நெசமாவே மாட்டிக்கிச்சு. எந்தக் கிழவனைப் பாத்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தாத்தாதான். என்னைக் கூப்பிட்டது மட்டும் நெசம்னு அதுக்குத் தெரியாது.