பாலுக்கு ஆடிய முள்

நான் மைக்கைத் தொடும் முன்பே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் நம் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவி தாயம்மா அவர்களே! அகலத்தில் குறைந்தாலும் அன்பில் குறையாத கோவில்பதாகை மூன்றாவது குறுக்குத் தெருவின் பெரியோர்களே! பஜ்ஜி வாசம் பின்னால் இழுத்தாலும் பண்போடு முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் என் இல்லத்தரசி வரலட்சுமி அவர்களே! வீரராகவனின் பணிவான வணக்கம். மூன்றாவது வரிசைக்கு மட்டும் இன்னொரு வணக்கம்.

ஏன் இரண்டு வணக்கம்? பதினொரு நாட்களாக, அன்பர்களே, பதினொரு நாட்களாக அந்த அம்மையார் என்னோடு பேசவில்லை. குழம்பு வருகிறது, குரல் வரவில்லை. சோறு வருகிறது, சொல் வரவில்லை. ஊரறியச் செய்த தவறுக்கு ஊரறிய மன்னிப்புக் கேட்கவே இந்த மேடையில் ஏறினேன்.

குற்றவாளி இதோ மேசைமேல் இருக்கிறது. ஒரு பெட்டி, அதில் ஒரு முள், இரண்டு கம்பிகள், கம்பி நுனியில் இரண்டு தகர டப்பாக்கள். பூந்தமல்லியில் ரேடியோ பழுதுபார்ப்பவரும் இதோ மேடையோரம் நிற்பவருமான என் நண்பர் ஹாஜா மொய்தீன் காயலான் கடையில் கண்டெடுத்தது. அமெரிக்காவில் சயின்டாலஜி என்றொரு சமயத்தார், இந்த டப்பாக்களை ஒருவர் கையில் கொடுத்து, எதிரே அமர்ந்து கேள்வி கேட்டு, முள் ஆடுவதைப் பார்த்து மனச்சுமையை அறிவார்களாம். உள்ளங்கையில் மின்சாரம் ஓடுவது லேசாக மாறினாலும் முள் ஆடும், அவ்வளவுதான் என்றார் ஹாஜா. வாசல்வரை வந்து எச்சரிக்கவும் செய்தார்: "பொய்யைக் கண்டுபுடிக்கும்னு நான் சொல்லல அண்ணாத்தே. ஊட்ல எதுனா ஆச்சுன்னா என்னைக் கேக்காதே."

கேட்டேனா? கேட்கவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்தேன். அடுக்களையிலிருந்த மனைவியை அழைத்து டப்பாக்களைக் கையில் கொடுத்தேன். என்ன கேட்டேன்? நகையைப் பற்றிக் கேட்டேனா? நாத்தனாரைப் பற்றிக் கேட்டேனா? "என் மேடைப்பேச்சு உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன்.

என்ன சிரிப்பு அங்கே? ஜெகன், உட்கார் தம்பி.

"நல்லாத்தான் கீது" என்றார். அந்த நொடியில் முள் எகிறியது. நானும் எகிறினேன். இருபத்தெட்டு ஆண்டுப் பொய் இன்று அம்பலம் என்று அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி முழங்கினேன். சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. அவர் டப்பாக்களை மெல்ல வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே என்ன? அடுப்பில் வைத்த ஒரு லிட்டர் பால் பொங்கிச் சமையல் மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. நான் கேள்வி கேட்ட அதே கணத்தில் பால் தீயும் வாசம் அவர் மூக்கில் ஏறியிருக்கிறது. முள் ஆடியது என் பேச்சுக்கு அல்ல, பெருமக்களே, பாலுக்கு. பால் போவது தெரிந்தும், கேட்டவன் மனம் நோகுமே என்று எழாமல் பதில் சொன்னவரையா பொய்க்காரி என்றேன்? முள்ளுக்குத் தெரியுமா பாசம்? டப்பாவுக்குத் தெரியுமா தாட்சண்யம்? தகரத்தை நம்பித் தாரத்தைச் சந்தேகித்தேனே, வெட்கப்படுகிறேன். வரலட்சுமி, என்னை மன்னித்துவிடு.

வாய்ச்சொல் போதாது என்கிறீர்களா தாயம்மா? சரி. இதோ டப்பாக்களை நான் பிடிக்கிறேன். வரலட்சுமி அவர்களே, மேடைக்கு வாருங்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எழுந்துவிட்டார், வருகிறார், கைதட்டுங்கள்! ஹாஜா, பெட்டியைச் சபைக்குத் திருப்பிப் பிடியுங்கள். இதோ மைக், கேளம்மா.

கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா? நான் சொல்கிறேன். "பேச்சை இத்தோட முடிச்சிக்கிறீங்களா?" என்று கேட்கிறார். பதினொரு நாட்களுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது. என் கண் கலங்குகிறது. முடித்துக்கொள்கிறேன், வரலட்சுமி. உளமார, மனமார, மகிழ்ச்சியாக முடித்துக்கொள்கிறேன்.

ஏன் எல்லோரும் சிரிக்கிறீர்கள்? ஹாஜா, முள் எங்கே? கடைசிக் கோட்டையும் தாண்டி மூலையில் முட்டிக்கொண்டு நிற்கிறதா?

நீயும் சிரிக்கிறாய், வரலட்சுமி. எனக்கு அது போதும். நன்றியுரையாக நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதை மடித்துப் பையில் போடுகிறேன். பொறுத்தவர்களுக்கும் சிரித்தவர்களுக்கும் நன்றி, வணக்கம். வா, வீட்டுக்குப் போவோம்.