கொண்டுவந்தவர் பெயர்

— உன் லேப்டாப்பு சூட்டுனாலதேன் நிக்குது கீர்த்தனா. அதேன் சொல்றேன்ல. உங்க அகரம் ஊரு வெயிலுக்கு மனுசனே மயங்கி விழுகுறான், இது பாவம், மெஷினு.

— சூடு இல்லண்ணே. போன மாசம் நீங்கதான் காத்தாடியத் தொடச்சுக் குடுத்தீங்க. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாம் நாள் காலைல, வெளிய மழை கொட்டுது, அப்பயும் நின்னுச்சு. சரி, அடுத்தது சொல்லுங்க.

— அப்ப வைரஸா இருக்கும். உம் பாப்பா கேமு கீமுன்னு எதையாச்சும் ஏத்தி விட்டிருக்கும்.

— பாப்பாவுக்கு நாலு வயசு. அதுவும்போக, ஆகஸ்ட்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா ஏத்திக் குடுத்ததும் நீங்கதான். அதுல பாப்பா பொறந்தப்ப எடுத்த போட்டோ அம்புட்டும் போச்சு. அதுக்கப்புறமும் நின்னுச்சு. அடுத்தது?

— கரண்டு. உங்க ஊருல தோட்டத்துக்காரங்க அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல மோட்டாரப் போட்டுவிட்டா வோல்டேஜு எறங்கும்ல?

— சார்ஜர உருவிட்டு பேட்டரிலயே ஓட்டிப் பாத்தேன். அப்பயும் நிக்குது. எல்லாம் நோட்டுல இருக்கு, பாருங்க. ஜூன் பன்னெண்டுல இருந்து முந்தாநாள் வரைக்கும் நாப்பத்தொரு தடவ. ஒரு நாள் நாலு தடவ நிக்கும், அப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே ஆகாது. அப்பாடா, சரியாயிருச்சுன்னு மூச்சு விடுவேன். அன்னைக்குன்னு பாத்து மேனேஜர் மீட்டிங்ல நிக்கும். அந்தாளு வாயத் தொறந்தபடியே செலையா நிக்கிறாரு. சத்தம் வராது, மவுஸ் அம்பு நகராது. பட்டன அமுக்கி அணைச்சு, திரும்பப் போட்டு, உள்ள போனா கூட்டம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிருப்பாங்க.

— அட, நோட்டு வேற போட்டுட்டியா! டாக்டருக்குக் காட்டுற மாதிரில்ல எழுதிருக்க.

— நீங்கதானேண்ணே சொன்னீங்க? மொத தடவ வந்தப்ப, எப்பெப்ப நிக்குதுன்னு தேதி, மணியோட எழுதிட்டு வா, அத வச்சுத்தேன் கண்டுபிடிக்கணும்னு.

— சொன்னேனா? சொல்லிருப்பேன். சரி, இப்பத் தீர்ப்பாச் சொல்றேன் கேளு. இது மதர்போர்டு. அது போச்சுன்னா போச்சுதேன், நெஞ்சு நின்னு போன கணக்கு. இதுல இனிமே காசக் கொட்டாத. கொஞ்ச நாள் வேலையத் தள்ளி வையி. பொறவு பாத்துக்கிருவோம்.

— தள்ளி வைக்கிறதுக்கு என்ன என் சொந்தக் கடையா? கோயம்புத்தூர் கம்பெனிண்ணே. அமெரிக்கா ஆஸ்பத்திரி பில்லுகளச் சரி பாக்குற வேலை. ஒரு நிமிசம் கை நின்னாலும் அங்க அவங்களுக்குத் தெரியும். மூணு வார்னிங் குடுத்தாச்சு. 'வேலை செய்யப் புடிக்கலைன்னா சொல்லிருங்க கீர்த்தனா, லேப்டாப் மேல ஏன் பழி போடுறீங்க'ன்னு இருவது பேருக்கு முன்னாடி கேட்டாங்க. நான் அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள மறுபடி நின்னுருச்சு.

— அய்யய்யே.

— நேத்து மெயில் வந்துருச்சு. லேப்டாப்புல என்ன கோளாறு, எப்பருந்துன்னு சர்வீஸ் பண்ணுன கடைல லெட்டர்பேடுல எழுதி, சீல் வச்சு, இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இல்லைன்னா நாளைலருந்து வேலை இல்ல. இப்ப மணி ரெண்டே முக்கால்.

— அம்புட்டுத்தேனே? இந்தா எழுதித் தாரேன். மதர்போர்டு பழுதுன்னு போட்டு...

— பொய் எழுதாதீங்கண்ணே.

— பொய்யா?

— அரை மணி நேரமா அதத் தட்டிக்கிட்டே இருக்கீங்களே, ஒரு தடவையாச்சும் நின்னுச்சா?

— அது வந்து போற வியாதிம்மா. பாக்குற ஆள் பக்கத்துல இருந்தா நிக்காது.

— இனிமே யாரு இருந்தாலும் நிக்காது. நேத்து நூர் அகமது பாய் கடைல கழட்டிப் பாத்தாச்சு. இந்தாங்க. இது என்னன்னு நீங்களே சொல்லுங்க.

— ரேமு.

— வாங்குனப்ப உள்ள ரெண்டு ரேம், ரெண்டும் ஒரே கம்பெனி. பெட்டிலயே அச்சடிச்சிருக்கு. தொறந்து பாத்தா ஒண்ணுதான் அது. இன்னொரு எடத்துல இந்தச் சனியன் உக்காந்திருந்துச்சு. பாய் என்ன சொன்னாரு தெரியுமா? 'முழுசாச் செத்த ரேமா இருந்தா மெஷினே கெளம்பாதும்மா, அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்ப. இது அரை உசுரு. தெரியாமப் போடுற சாமான் இல்ல இது, யாரோ தேடி எடுத்துப் போட்டிருக்காங்க'ன்னாரு. அவரு வேற மாத்திக் குடுத்தாரு. நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு தடவகூட நிக்கல.

— பாய் அப்படித்தேன் சொல்வாரு. தொழில் போட்டி.

— போதும்ணே. பாயையும் உங்களையும் தவிர இத வேற யாரும் தொறந்ததே இல்ல.

— கீர்த்தனா, செத்த உக்காரு. மொதல்ல ஒரு டீ சொல்றேன்.

— டீ வேணாம். இருங்க, அம்மா கூப்புடுது. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் எனக்குக் கேக்கும். சொல்லும்மா.

— ஏத்தா, எங்கிட்டு இருக்க? வெறும் வயித்தோட போயிட்டியே. அவரைக்கா வெஞ்சனம் வச்சு மூடி வச்சிருக்கேன்.

— வந்து சாப்புடுறேன்மா. பாப்பா தூங்குறாளா?

— இப்பத்தேன் கண்ணசந்தா. நீ எங்கிட்டு இருக்கன்னு கேட்டேன்.

— பிராங்க்ளின் அண்ணன் கடைல.

— அங்க எதுக்குடி போன?

— வேற எதுக்கும்மா? லேப்டாப்புக்குத்தான். லெட்டர் வாங்கணும்னு சொன்னேன்ல.

— இந்த வெயில்ல அம்புட்டுப் படி ஏறிக்கிட்டு... விடு தாயி. அந்த வேலை போனாப் போகுது, ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கிப் பெரியவங்க வாராங்க. மாப்பிள்ளையும் வாராரு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத. வெரசா வந்துரு.

— வாரேன்மா. வைக்கிறேன்... கேட்டீங்களாண்ணே? எங்கம்மா மாயம்மாள். அந்த வீட்டுல எனக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான். நான் மீட்டிங்ல இருந்தா, பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டாக்கூட ஓடிப்போயி சண்டை போட்டு நிறுத்திட்டு வரும்.

— அம்மா நல்லவங்கதேன். யாரு இல்லைன்னா?

— போன ஏன் ஸ்பீக்கர்ல போட்டேன்னு கேக்கலையே நீங்க. இடது காது எனக்குக் கேக்காது. வலதும் அரைகுறைதான். ஒட்டன்சத்திரத்துல என் புருஷன் வீட்டுல வாங்குனது. ரசத்துல உப்பு பத்தலையாம்.

— சாமி...

— ரெண்டு வருசமா அம்மா வீட்டுல இருக்கேன். சம்பளம் வருது, என் புள்ளைய நான் வளத்துக்கிருவேன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. வேலை போச்சுன்னா நாளைக்கே பெரியவங்க எல்லாம் சேந்து, புத்தி சொல்லி, பூ வச்சு அவன் வண்டில ஏத்தி விட்டுருவாங்க. என் புருஷன் பாண்டியராஜுக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்.

— அவரா?

— நடிக்காதீங்கண்ணே. ஜூன் மொத வாரம் பாப்பாவுக்கு டெங்கு. அஞ்சு நாள் அவளோட ஆஸ்பத்திரில கெடந்தேன். லேப்டாப்பு மூடியோட கீல் ஒடஞ்சு வீட்டுல கெடந்துச்சு. திரும்பி வந்து பாத்தா, கீலு புதுசாப் போட்டு, உங்க கடைப் பைக்குள்ள மேசைல இருக்கு. 'மாப்பிள்ளதேன் வந்து கொண்டுபோயிச் சரிபண்ணிக் கொண்டாந்தாரு, அம்புட்டுப் பாசம் வச்சிருக்காரு உம்மேல'ன்னு அம்மா சொல்லுச்சு. அன்னைக்கு ஒரு நிமிசம் எனக்கு மனசு எளகிப் போச்சு. ச்சே, மாறிட்டானோன்னு நெனச்சேன்.

— அம்மா அப்படியா சொன்னாங்க?

— அது பாவம், வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற ஜென்மம். சரி, எழுதுங்க. என்ன கோளாறு, எப்பருந்து, யாரு வேணும்னே போட்டது, எல்லாம். கடைசில கொண்டுவந்தவர் பெயர் பாண்டியராஜ். கையெழுத்து, சீல்.

— கோளாற எழுதித் தாரேன். பேரு எதுக்கு? கம்பெனிக்காரன் பேரு கேக்கலைல?

— கம்பெனிக்கு ஒரு தாள். நாளைக்குப் பெரியவங்க முன்னாடி வைக்க ஒரு தாள். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு தாள். நீங்கதான் சாட்சி.

— ஸ்டேஷனா? மாதாவே! எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு கீர்த்தனா.

— எனக்கு ஒண்ணு இருக்கு.

— நான் சொல்றதச் செத்த கேளு. இதுக்காக நான் ஒத்தப் பைசா கையேந்தி வாங்கல. மாதா மேல ஆணை. கீலுக்கு உள்ள காசு மட்டுந்தேன்.

— காசுக்காகச் செஞ்சிருந்தாக்கூட புரிஞ்சிருக்கும். பின்ன எதுக்குச் செஞ்சீங்க?

— ஒரு குடும்பம் சேரட்டும்னுதேன். எம் பொண்டாட்டி திருப்பூருக்கு வேலைக்குன்னு போனா. மொதல்ல வாரா வாரம் வந்தா, பொறவு மாசத்துக்கு ஒருக்கா வந்தா. இப்ப எட்டு வருசமாச்சு, புள்ளைகளுக்குப் போன் மட்டும் வருது. அவளுக்கு அந்த வேலை மட்டும் கெடைக்காமப் போயிருந்தா என் வீடு வீடா இருந்திருக்கும்னு தெனமும் நெனைப்பேன். அந்த நேரம் பாத்து இது வந்துச்சு. சேத்து வச்சாப் புண்ணியம்னு தோணுச்சு.

— புண்ணியமா? மூணு தடவ இந்தப் படி ஏறி வந்தேன். மூணு தடவையும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே காத்தாடியத் தொடச்சீங்க, எம் புள்ள போட்டோவ அழிச்சீங்க, நோட்டுப் போட்டு எழுதிட்டு வரச் சொன்னீங்க. நானும் ஒண்ணாப்புப் புள்ள மாதிரி வரிசையா எழுதிட்டு வந்து நீட்டுனேன். உங்களுக்குச் சிரிப்பு வரலையாண்ணே?

— ஒவ்வொரு தடவையும் மாத்திப் போட்டுறலாம்னுதேன் திருப்புளிய எடுப்பேன். குடுத்த வாக்கு வந்து கையப் புடிச்சுக்கிரும்.

— வாக்கா? பொண்டாட்டி காதப் பேத்தவனுக்கு வாக்கா?

— உன் காது சங்கதி எனக்குத் தெரியாது கீர்த்தனா. சும்மா கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, வேலை இருக்குற திமிருல போக மாட்டேங்குறான்னுதேன் எனக்குச் சொன்னது. காத ஒடச்ச கதைய யாரும் சொல்லல.

— சொல்லுவானா? எழுதுங்க. மணி மூணேகால்.

— எழுதிட்டேன், இந்தா. 'மேற்படி மடிக்கணினியில் ஜூன் மாதம் பழுதான ரேம் பொருத்தப்பட்டதால் அவ்வப்போது இயங்காமல் நின்றுள்ளது. உபயோகிப்பாளரின் தவறு ஏதும் இல்லை.' போதுமா?

— 'வேண்டுமென்றே'ன்னு சேருங்க.

— சேத்துட்டேன். சீலும் வச்சாச்சு. மொதல்ல இதப் போட்டோ புடிச்சுக் கம்பெனிக்கு அனுப்பு. வேலை நெலைக்கட்டும். மத்ததப் பொறவு பாத்துக்கிருவோம்.

— அனுப்பிட்டேன். பாத்துட்டாங்க, வாட்ஸாப்ல ரெண்டு கோடும் நீலமாயிருச்சு. பொறவெல்லாம் இல்ல, இப்பவே. கொண்டுவந்தவர் பெயர்.

— அந்த எடத்த விட்டுரும்மா. உன் நல்லதுக்குத்தேன் சொல்றேன்.

— என் நல்லதுக்கு நீங்க செஞ்சதெல்லாம் போதும். பாண்டியராஜ். ஒட்டன்சத்திரம். எழுதுங்க.

— பொய் எழுதாதன்னு நீதேனே சொன்ன? அந்தப் பேர எழுதுனா அது பொய்யி. உன் வீட்டுக்காரரு நெட்டையா குட்டையான்னுகூட எனக்குத் தெரியாது. அவரு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல.

— பின்ன யாருகிட்டக் குடுத்து விட்டான்? ஆளு யாரு?

— அவரு யாருகிட்டயும் குடுத்து விடல. விட்டுரு தங்கச்சி. நீ வீட்டுக்குப் போகணும்ல? போயி சோறு திங்கணும்ல?

— எனக்குப் பேரு வேணும்.

— வயர்கூடைல வச்சு, மேல துண்டப் போட்டு மூடி, உச்சி வெயில்ல பஸ்ஸேறி வந்தாங்க. படியில ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்துதேன் மேல வந்தாங்க. உன் தங்கச்சி ஆனந்தியப் பொண்ணு பாத்துட்டுப் போன நிலக்கோட்டைக்காரங்க, மூத்தவ வாழாவெட்டியா இருக்குற வீட்டுல சம்பந்தம் வேணாம்னுட்டாங்களாம். அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு.

— யாருண்ணே?

— 'ஒடச்சுறாத தம்பி, ஒடஞ்சா மறுநாளே புதுசு வாங்கிருவா எம் மக. அப்பப்ப நிக்கிற மாதிரி மட்டும் பண்ணிக் குடு, அவளாச் சலிச்சுப்போயி புருஷங்கிட்டப் போயிருவா'ன்னாங்க.